கிராமத்து ரயில் பாதைகளும் பழைய ஸ்டேஷன்களும்: தமிழ்நாட்டில் தேடிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ரயில்வே ஸ்டேஷன் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்தின் முன்னால் நாலு படம், மஞ்சள் பெயர்ப் பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். அங்கே மிஞ்சியிருப்பவற்றில் கட்டடம் ஒரு பகுதிதான். கரி இன்ஜினுக்கு எங்கே தண்ணீர் பிடித்தார்கள், எதிர் வண்டிக்கு எந்த இடத்தில் வழிவிட்டார்கள், நெல் மூட்டை எந்தப் பக்கம் ஏறியது என்பதெல்லாம் பாதையைப் படித்தால்தான் பிடிபடும். அதனால் முதலில் பாதை, பிறகு ஸ்டேஷன்.

1. பாதையைத் தேர்ந்தெடுப்பது

தமிழ்நாட்டுக் கிளைப் பாதைகளில் பெரும்பாலானவை இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1000 மி.மீ. அகலம் உள்ள மீட்டர் கேஜாக இருந்தவை. 1992-ல் தொடங்கிய யூனிகேஜ் திட்டத்தில் அவை ஒவ்வொன்றாக 1676 மி.மீ. அகலப் பாதையாக மாறின. இன்று மாநிலத்தில் மீட்டர் கேஜ் வண்டி ஓடுவது மேட்டுப்பாளையம்–ஊட்டி மலைப்பாதையில் மட்டும்தான். ஆகவே மற்ற இடங்களில் நீங்கள் தேடப்போவது அகலப் பாதைக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் மீட்டர் கேஜ் மிச்சங்களை.

வண்டி ஓடும் பாதைகளில் முதல் தடவைக்கு ஏற்றது திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி. 37 கி.மீ., ஒரே நாளில் முடியும். 2023-ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். பழைய பாதை அகஸ்தியம்பள்ளியைத் தாண்டிக் கோடியக்கரை வரை போனது, அந்தத் துண்டு திரும்ப வரவில்லை. ஓடும் பாதையையும் கைவிட்ட பாதையையும் ஒரே நாளில் ஒப்பிட இதைவிட வசதியான இடம் கிடையாது. மதுரை–போடிநாயக்கனூர் பாதை 1928-ல் வந்தது. 2010 கடைசியில் மூடி, 2022-ல் தேனி வரையும் 2023-ல் போடி வரையும் திறந்தார்கள். மலைப்பகுதி வேண்டுமென்றால் செங்கோட்டை–புனலூர்: 1904-ல் கட்டி முடித்த பாதை, குகைகள், கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். நீண்ட பயணத்துக்குத் திருவாரூர்–காரைக்குடி, டெல்டா வயலில் தொடங்கிச் செட்டிநாட்டுச் செம்மண்ணில் முடியும்.

கைவிட்ட பாதைகளில் மயிலாடுதுறை–தரங்கம்பாடி நல்ல பயிற்சிக் களம். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகப் போன இந்த மீட்டர் கேஜ் பாதையை 1980களில் மூடிவிட்டார்கள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி (1905), மொரப்பூர்–தர்மபுரி (1906) ஆகியவை 762 மி.மீ. குறுகிய பாதைகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல், மூடப்பட்டவை. எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் தடம் பிடிப்பது கடினம். அதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டால் சலித்துப்போகும்.

2. வீட்டிலேயே செய்ய வேண்டிய வரைபட வேலை

இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். களத்தில் அரை நாள் மிச்சமாகும்.

அமெரிக்க ராணுவ வரைபடச் சேவை 1950களில் வெளியிட்ட யு502 வரிசை, டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அளவு 1:2,50,000, அதாவது 1 செ.மீ.க்கு 2.5 கி.மீ. பாதை இருந்ததா, எந்த ஊர் வழியாகப் போனது என்று பார்க்க இது போதும். ஆனால் அதில் 1 மி.மீ. நகர்ந்தால் தரையில் 250 மீட்டர். அதை நம்பி வயலில் இறங்கக் கூடாது. இடத்தை நெருக்கிப் பிடிக்க இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் வேண்டும். துறையின் இணையதளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கைவிட்ட பாதைகளைச் சிலர் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறார்கள், ஓபன்ரயில்வேமேப்பில் அவை தனி நிறத்தில் தெரியும்.

அடுத்தது செயற்கைக்கோள் படம். கைவிட்ட பாதையை அடையாளம் காட்டுவது அதன் வளைவு. மாட்டு வண்டித் தடம் வரப்பை ஒட்டி ஒடிந்து ஒடிந்து போகும். ரயில் அப்படித் திரும்ப முடியாது: மீட்டர் கேஜில் மிகக் கூர்மையான வளைவுக்கே ஆரம் 109 மீட்டர், அகலப் பாதையில் 175 மீட்டர். சமவெளியில் இதைவிடப் பல மடங்கு பெரிய வளைவுகள்தான் இருக்கும். வயல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராகப் போய், பிறகு மெதுவாகத் திரும்பும் ஒடுங்கிய பட்டை தெரிந்தால் அதுதான். பல இடங்களில் அதன் மேல் ஊராட்சிச் சாலை போட்டிருப்பார்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களுக்குப் போய், அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். பயிர் நிற்கும்போது மறைகிற மண்மேடு அப்போது நிழலோடு எழுந்து தெரியும்.

சந்தேகம் தீரவில்லையா? அந்த இடத்தின் புல எண்ணை (சர்வே எண்) வைத்துத் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். நிலம் ரயில்வே பெயரில் இருந்தாலோ, நீளமான ஒடுங்கிய புல எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலோ சந்தேகம் முடிந்தது. யாருடைய நிலத்தில் நிற்கப் போகிறீர்கள் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

3. வண்டி, டிக்கெட், நேரம்

எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டியை எண்ணை வைத்தே கண்டுபிடிக்கலாம். தெற்கு ரயில்வேயில் இன்ஜின் இழுக்கும் பாசஞ்சர் 56-லும், மெமு (மின்சார ரயில்) 66-லும், டெமு (டீசல் ரயில்) 76-லும் தொடங்கும். கிளைப் பாதையில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வண்டிதான் இருக்கும். கால அட்டவணையை வைத்து ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: ஸ்டேஷன், போகிற வண்டி வரும் நேரம், திரும்பும் வண்டி வரும் நேரம், இடைவெளி. இடைவெளி ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் உள்ள ஸ்டேஷன்களே இறங்க உகந்தவை. கடைசி வண்டியை நம்பி எந்த ஹால்ட்டிலும் (ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத சின்ன நிறுத்தம்) இறங்காதீர்கள். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கும், மினி பஸ்ஸும் இருட்டினால் வராது. பெயரில் "ரோடு" ஒட்டியிருந்தால் ஊர் இன்னும் தள்ளி: கொடைக்கானல் ரோட்டில் இறங்கினால் கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் இன்னும் 80 கி.மீ.

முன்பதிவில்லாத டிக்கெட்டில் வழியில் இறங்கிவிட்டால் அந்த டிக்கெட் அங்கேயே முடிந்தது. குறுகிய தூரத்தில் இடைநிறுத்தம் கிடையாது. எனவே துண்டு துண்டாக எடுங்கள். சாதாரண வண்டிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய்தான். ரயில்ஒன் செயலியில் எடுத்தால் டிக்கெட்டைச் செயலியிலேயே காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் தீர்ந்த போன் டிக்கெட் இல்லாததற்குச் சமம் என்பதால் பவர் பேங்க் கட்டாயம். பிளாட்பாரத்தில் வெறுமனே சுற்றிப் பார்க்க வந்தால் 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். அது கிடைக்காத ஸ்டேஷனில் அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கையில் வைத்திருங்கள், கேள்வி எழாது.

மாதம்: ஜனவரிக் கடைசி முதல் மார்ச் நடு வரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெல்டா மண்மேடு சேறாகிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. லெவல் கிராசிங்குகளை எடுத்துவிட்டுக் கட்டிய சுரங்கப்பாதைகளில் மழைத் தண்ணீர் நிற்கும். பைக்கில் வந்தால் ஸ்டேஷன் கண்ணெதிரே இருந்தும் போய்ச்சேர முடியாது.

4. முதல் ஓட்டம்: இறங்காமல் பார்ப்பது

முதல் தடவை கடைசி வரை போய்த் திரும்புங்கள். போகும்போது இடப்பக்க ஜன்னல், வரும்போதும் இடப்பக்க ஜன்னல். இப்படிச் செய்தால் பாதையின் இரு பக்கமும் கிடைத்துவிடும். வாசற்படியில் உட்கார வேண்டாம்.

குறிப்பு எடுக்க ஒரு நங்கூரம் தேவை. ஜி.பி.எஸ்ஸைவிட நம்பகமானது மின்கம்பத்து எண். 84/12 என்றிருந்தால் 84-வது கிலோமீட்டரில் 12-வது கம்பம். நேர்ப்பாதையில் இரண்டு கம்பங்களுக்கு இடையே அதிகபட்சம் 72 மீட்டர், வளைவில் இன்னும் குறைவு. "84/12, வலம், பழைய பாலத் தூண் 2" என்று ஒரு வரி எழுதினால் ஆறு மாதம் கழித்தும் அதே இடத்துக்கு வரலாம். லெவல் கிராசிங் எண்ணையும் கூடவே எழுதுங்கள். சாலை வழியாக அந்த இடத்தை விசாரித்துப் போக அதுதான் உதவும்.

ஜன்னலில் கண் வைக்க வேண்டியவை: ஓடும் பாலத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் பழைய தூண்கள், பாதை நேராகப் போகும்போது அதை விட்டு விலகி வளையும் மேடு (கேஜ் மாற்றத்தில் வளைவைத் தளர்த்தியதற்கு அடையாளம்), பாதையைப் பராமரித்த கேங்மேன்களின் கூரை இல்லாத குடியிருப்புகள். பாலத்தில் எழுதியிருக்கும் கண் அளவுகளில் 6.1, 12.2, 18.3 மீட்டர் என்று பார்த்தால் அவை 20, 40, 60 அடியின் மறுவடிவம். ஆனால் புதிய பாலங்களுக்கும் அதே அளவுகள் பழக்கத்தில் இருப்பதால் இதை மட்டும் வைத்துப் பாலத்தின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். கல் தூணா, செங்கல்லா, கான்கிரீட்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

5. ஸ்டேஷனில் இறங்கியதும்

முதலில் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து, வந்த காரியத்தைச் சொல்லுங்கள். வண்டி வரும் நேரத்தில் போகாதீர்கள், அவர் கேட்டிலும் போனிலும் மூழ்கியிருப்பார். வண்டி கிளம்பிச் சிக்னல் சிவப்பான பிறகு போய், "சார், பழைய ஸ்டேஷன் பார்க்க வந்திருக்கோம், வெளியில இருந்து படம் எடுத்துக்கலாமா?" என்றால் பெரும்பாலும் தலையாட்டுவார். இயக்க அறைக்குள் போகக் கேட்காதீர்கள், அவரால் அனுமதிக்கவும் முடியாது. ஹால்ட்டில் மாஸ்டர் இருக்க மாட்டார், கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட் வண்டி நேரத்தில் மட்டும் வருவார். ஊர்க் கதை முழுக்கத் தெரிந்த ஆள் பல இடங்களில் அவர்தான்.

இனி, வரிசையாகப் பார்க்க வேண்டியவை.

*தரை மட்டம்.* பிளாட்பாரத்திலிருந்து பழைய கட்டடத்துக்குள் படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறதா? கட்டடம் தாழவில்லை. மீட்டர் கேஜ் காலத்துத் தாழ்ந்த பிளாட்பாரத்தை அகலப் பாதைப் பெட்டிக்காக உயர்த்தியபோது கட்டடம் பழைய மட்டத்திலேயே நின்றுவிட்டது. அந்த இரண்டு மூன்று படிகளின் உயரத்தை டேப்பால் அளந்தால் பழைய பிளாட்பாரத்தின் மட்டம் கிடைக்கும். மழைநீர் உள்ளே இறங்கிச் சுவரின் அடி உப்புப் பூத்து உதிர்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உதிர்வு இன்னும் மேலே ஏறும்.

*கூரை.* மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவிட்டமாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். உள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தால் சாய்கோடுகள் தெரியும். உத்திரத்தில் கறையான் மண்கோடு, நடுவில் தொய்வு, தரையில் புதிதாக விழுந்த சுண்ணாம்புத் தூள் — மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த அறைக்குள் கால் வைக்காதீர்கள். உத்திரம் சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் உளுக்கும், அது வெளியே தெரியாது.

*வேலிக் கம்பங்கள்.* கட்டடத்தைவிட அதிகம் பேசுபவை இவை. பழைய தண்டவாளத்தை வெட்டி வேலிக்கும், கேட்டுக்கும், கூரைத் தாங்கலுக்கும் நட்டிருப்பார்கள். மேல் தலைக்கும் கீழ் அடிக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய பகுதியில், ஆலையில் உருட்டும்போதே புடைத்த எழுத்துகள் பதிந்திருக்கும்: ஆலையின் பெயர், எடை, ஆண்டு, சில சமயம் மாதத்தைக் காட்டும் கோடுகள் அல்லது ரோமன் எண். பல வருஷத்துப் பெயின்ட் மூடியிருப்பதால் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், இல்லையென்றால் டார்ச்சைக் கம்பத்தோடு ஒட்டி வைத்து அடியுங்கள். அப்படியும் படிக்க முடியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கைவசமாக லேசாகத் தேய்த்தால் புடைப்பு மட்டும் வெள்ளையாகும், ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கம்பிபிரஷ் போட்டுச் சுரண்டாதீர்கள். "60 ஆர்", "75 ஆர்" என்றால் கெஜத்துக்கு 60 அல்லது 75 பவுண்டு, மீட்டர் கேஜில் ஓடிய எடை. "90 ஆர்" கனமான பாதையிலிருந்து வந்தது.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கம்பத்தில் 1890களின் ஆண்டு இருந்தால் ஸ்டேஷனும் அந்த வருஷத்தது என்று எழுதிவிடுவார்கள். தண்டவாளம் முதலில் பெரிய பாதையில் ஓடி, தேய்ந்ததும் கிளைப் பாதைக்கு வந்து, அங்கேயும் ஓய்ந்த பிறகுதான் வேலியாகும். கம்பத்து ஆண்டு சொல்வது, வேலி அதற்கு முன்னால் நட்டதல்ல என்பதை மட்டும்.

*தண்ணீர்.* கல் அல்லது செங்கல் மேடை மேல் இரும்புத் தொட்டி, பிளாட்பாரத்தின் ஒரு முனையில் அல்லது இரு முனையிலும் வளைந்த கழுத்துள்ள இரும்புக் குழாய்த் தூண். இன்ஜின் நிற்கும் இடம் அதுதான் என்பதால், தூணிலிருந்து பிளாட்பாரத்தின் மறுமுனை வரை அளந்தால் அக்காலத்து வண்டியின் நீளம் ஏறத்தாழப் பிடிபடும். தொட்டிக்குத் தண்ணீர் கொடுத்த கிணறு பக்கத்திலேயே இருக்கும். அது சீமைக் கருவேலத்துக்குள் மறைந்து, கைப்பிடிச் சுவர் இடிந்தும் கிடக்கலாம். புதருக்குள் நடக்கும்போது ஒரு கம்பால் தட்டிக்கொண்டே நடங்கள்.

*சரக்குக் கொட்டகை.* அதன் விளிம்புக்கும் இன்றைய பாதைக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் மீட்டர் கேஜ் பக்கப் பாதை அங்கே ஓடியது. வண்டி மாடு ஏறும் சரிவுத் தளம் எந்தப் பக்கம் என்று பார்த்தால் பழைய ஊர்ச் சாலை எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது விளங்கும்.

*சிக்னல்.* கைகாட்டி சிக்னல்கள் அநேகமாகப் போய்விட்டன. கம்பி ஓடிய சின்ன உருளைகள், அறுத்த கம்பத்தின் அடி, நெம்புகோல் வரிசை நின்ற பள்ளம் ஆகியவை தரையோடு தரையாகக் கிடக்கும். ஒற்றைப் பாதையில் பயன்பட்ட நீல்ஸ் பால் டோக்கன் கருவி எங்காவது கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். இரண்டு ஸ்டேஷன்களின் கருவிகளும் கம்பியால் இணைந்தவை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு எஃகு உருண்டைதான் வெளியே வரும், அந்த உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. தோல் பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடும் வண்டிக்கு நீட்டுவார்கள்.

ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் வேலை நடக்கும் இடங்களை முதலில் பார்த்துவிடுங்கள். முகப்பும் கைப்பிடிச் சுவரும் வேலியும்தான் முதலில் மாறுகின்றன.

6. கைவிட்ட பாதையில் நடப்பது

ஒரு நாளைக்கு 8 கி.மீ.க்கு மேல் திட்டமிட வேண்டாம். பாதி நேரம் முள்ளைச் சுற்றிப் போவதிலும் விசாரிப்பதிலும் போய்விடும். தடித்த அடி உள்ள ஷூ அவசியம், கருவேல முள் செருப்பை ஊடுருவும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், 5 மீட்டர் டேப், டார்ச், சாக்பீஸ், குறிப்பேடு, கம்பு போதும்.

வாய்க்கால் பாலத்திலிருந்து வாய்க்கால் பாலத்துக்கு நடப்பதே முறை. மண்மேட்டை வெட்டி எடுத்துவிடுவார்கள், தண்டவாளம் ஏலத்தில் போய்விடும். ஆனால் பாசனத் தண்ணீர் போக வேண்டியிருப்பதால் சிறு பாலங்களை யாரும் இடிப்பதில்லை. வரைபடத்தில் பாதை வாய்க்காலைக் கடக்கும் புள்ளிகளை முன்கூட்டியே குறித்து அவற்றை இணையுங்கள். நடுவில் தடம் தொலைந்தாலும் அடுத்த பாலத்தில் பிடித்துவிடலாம்.

வயல் வேலையில் இருப்பவர்களிடம் "பழைய ரயில்வே ட்ராக் எங்கே?" என்பதைவிட, "ஐயா, ரயில் ஓடுன மேடு எது? கேட் எங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். கேட் இருந்த இடம் எல்லோருக்கும் நினைவிருக்கும், ஓய்வுபெற்ற கேங்மேன் வீட்டையும் அவர்களே காட்டுவார்கள். அவரிடம் வருஷம் கேட்டால் தடுமாறுவார், எந்தத் திருவிழாவுக்கு முன், எந்தப் புயலுக்குப் பின் என்று கேட்டால் சரியாகச் சொல்வார்.

தனுஷ்கோடியை இந்த வகையில் சேர்க்காதீர்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அங்கே மிஞ்சிய சுவர்கள் உப்புக் காற்றில் தளர்ந்தவை. தள்ளி நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. சட்டமும் ஆபத்தும்

ஓடும் பாதையில் நடப்பது குற்றம். 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மின்சார இன்ஜின் வருவது பின்னாலிருந்து காதில் விழாது, எதிர்க்காற்றில் சுத்தமாக விழாது. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். உடம்பும் கையில் உள்ள எதுவும் 2 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். செல்ஃபி ஸ்டிக்கும் நீளமான ட்ரைபாடும் நடைமேம்பாலத்தில் வேண்டாம். டிரோன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. வணிகப் படப்பிடிப்புக்கு ரயில்வேயிடம் தனி அனுமதி தேவை.

துருப்பிடித்த ஒரு ஆணியைக்கூட நினைவாக எடுத்துவராதீர்கள். ரயில்வே சொத்துகள் பற்றிய 1966 சட்டத்தில் முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. ஏலம் போகாமல் கிடப்பதெல்லாம் ரயில்வேயின் கணக்கில் உள்ளவை.

தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் பாலக் கண்ணுக்குள்ளும் கதண்டு கூடு கட்டியிருக்கும். சத்தம் போடாமல், டார்ச் அடிக்காமல் பின்வாங்குங்கள். இடிந்த அறையில் செங்கல் குவியலைப் புரட்டாதீர்கள், கை வைக்கும் முன் பாருங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-க்கு அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரயில்வே சம்பந்தமான அவசரத்துக்கு 139.

8. பதிவு செய்வது

ஒரே ஒழுங்கில் எடுங்கள்: தூரத்திலிருந்து முழுக் கட்டடம், நான்கு முகங்கள் நேருக்கு நேராக, பெயர்ப் பலகை (கடல் மட்ட உயரம் தெளிவாகத் தெரியும்படி), பிறகு நுணுக்கங்கள். நுணுக்கப் படம் ஒவ்வொன்றிலும் டேப் அல்லது ஒரு நாணயம் அளவுக்காக இருக்கட்டும். கோப்புக்கு ஸ்டேஷன் குறியீடு, கம்பத்து எண், தேதி, திசை என்ற வரிசையில் பெயரிடுங்கள். இதை அன்று இரவே செய்யாவிட்டால் ஒரு பாலத்துக்கும் இன்னொரு பாலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். கைவிட்ட பாதையை உறுதி செய்த துண்டுகளை மட்டும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையுங்கள். ஊகித்த இடங்களை இடைவெளியாக விட்டுவிட்டால் அடுத்து வருபவர் அந்த இடைவெளியிலிருந்து தேடலைத் தொடங்குவார்.